மை டப்பாவில் பெய்த மழை

"அக்கா, எம்புட்டு?"

காலை ஆறு மணி. எதிர் வீட்டு மொட்டை மாடியில் தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு போர்மேன் கருப்பசாமி நிற்கிறார். இந்தப் பக்கம், என் வீட்டு மாடியில், நான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஸ்டீல் ஸ்கேல். காலடியில் ஒரு மை டப்பா. டப்பாவுக்குள் ராத்திரி பெய்த மழை.

"ஒங்களத்தான்க்கா. எம்புட்டு மழை?"

நான் குனிந்து டப்பாவுக்குள் பார்த்தேன். பார்த்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. குடைக் கம்பி வழியாகச் சட்டைக் கைக்குள் தண்ணீர் இறங்கியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதலாமா என்று பக்கத்து வீட்டு மாரீஸ்வரியிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். "எழுதுங்கக்கா. ஆனா என்னைய அழகா எழுதுங்க" என்றாள். அவள் அழகுதான். அதில் எனக்குச் சிரமம் இல்லை. என்னை எழுதுவதில்தான் சிரமம்.

ஆளுக்கொரு மழை

திருத்தங்கலில் நான் குடியிருக்கும் தெருவில் எனக்குப் பெயர் 'புரூப் அக்கா'. காலண்டர் அடிக்கிற ஒரு கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் புரூப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் கடலில் கிளம்பிய புயல் ஒன்று, டிவியில் அம்புக்குறி போட்டுக் காட்டிய பக்கமெல்லாம் போகாமல், எங்கள் ஜில்லாவுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. மழைக்கு ஏங்கியே பழகிய ஊர் இது. முதல் நாள் ரசித்தோம். இரண்டாம் நாள் பஜ்ஜி போட்டோம். மூன்றாம் நாள் திட்ட ஆரம்பித்தோம்.

கரண்ட் இல்லை. டிவி இல்லை. பாதி நேரம் செல்போனில் டவர் இல்லை. பேசுவதற்கு மழையை விட்டால் வேறு பேச்சும் இல்லை. யார் வீட்டில் எவ்வளவு பெய்தது என்று காலையில் மாடிக்கு மாடி கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு மழை எப்படி மாறும் என்று கேட்பீர்கள். மாறியது.

கருப்பசாமி பழைய பெயிண்ட் வாளி ஒன்றை மாடியில் வைத்து, விரலைப் படுக்கப் போட்டு அளப்பார். மாரீஸ்வரி பித்தளைக் குடத்தை வைத்திருந்தாள். முதல் நாள் காலையில் அவர் "மூணு விரல்" என்றார். இவள் "ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க வாளி வாயப் பாருங்க. ஊர்ல பேயுற மழையெல்லாம் அதுக்குள்ளதான் விழும்."

"ஒன் கொடத்து வாயில ஒரு கொசு நுழையுமா? மழை எப்படித் தாயி நுழையும்?"

எனக்குத் தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அரிசி போட்டு வைத்திருந்த மை டப்பாவைக் காலி செய்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அச்சு மை வருகிற டப்பா அடியும் வாயும் ஒரே அளவாக, நேராக இருக்கும். மறுநாள் காலையில் இருவரையும் கூப்பிட்டு, முக்கால் அங்குலம் ஒரு விரல் என்று கணக்கு வைத்து, ஸ்கேலை வைத்துக் காட்டினேன். வாளிக்கு வாய் அகலம், அடி சிறுத்தது. விழுவது அகலத்தில், நிற்பது குறுகலில். அதனால் இரண்டு விரல் மழையை மூன்று என்று காட்டும். குடம் அதற்கு நேர் எதிர்.

"அப்ப என் வாளி பொய் சொல்லுதுங்கீக" என்றார் கருப்பசாமி.

"கூசாமச் சொல்லுது" என்றேன்.

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அது 'பொய் வாளி'. போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்ன அண்ணாச்சி, பொய் வாளி இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டுச் சீண்டினார்கள். நல்ல மனுஷர், அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பெருமை. முப்பது வருஷம் பார்த்த வேலை மழைக்கும் உதவுகிறதே என்று.

காரியாபட்டியில் விவசாயம் பார்க்கும் என் தம்பியின் அளவு தனி ரகம். டவர் கிடைத்த ஒரு நேரத்தில் கூப்பிட்டு, அங்கே மழை எப்படி என்று கேட்டேன். "எங்க? சும்மா சாரல்தான்" என்றான். பின்னால் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிற சத்தம் போனிலேயே கேட்டது. நிறையப் பெய்கிறது என்று வாய் திறந்து சொன்னால் மழைக்குக் கண் பட்டுவிடுமாம்.

அப்போது சிரித்தேன். பிறகு யோசித்தால் எல்லோரும் அப்படித்தான். அவரவருக்கு எந்த மழை வேண்டுமோ, அந்த மழைக்குத் தோதான பாத்திரத்தைத்தான் வைத்திருந்தோம்.

இரண்டு விரல்

கருப்பசாமி, சாத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன், வேலையாட்களை மேற்பார்க்கிறவர். மாரீஸ்வரி அதே கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இருந்து பன்னிரண்டு பெண்கள் அங்கே போகிறார்கள். காலையில் எட்டு மணிக்குத் தெருமுனைக்குக் கம்பெனி வேன் வரும்.

மழையில் பட்டாசு நமத்துப்போகும், அவ்வளவுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சென்னையில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்தி, "மழைக்காலத்துலதான் உங்க ஊர் பயமில்லாம தூங்கும் இல்ல?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது அப்படி இல்லை என்று தெரியும். கலந்து வைத்த மருந்தில் ஈரம் இறங்கினால் அது தானாகச் சூடேறும். நெருப்பே வேண்டாம். தண்ணீரே போதும்.

அதனால் அந்தக் கம்பெனியில் கருப்பசாமி ஒரு வழக்கம் வைத்திருந்தார். ராத்திரி மழை இரண்டு விரலுக்குள் இருந்தால் எப்போதும்போல எல்லோரும் வேனில் போவார்கள். இரண்டைத் தாண்டினால் வேன் வராது. அவர் மட்டும் முதலில் போய் செட்டு என்று சொல்கிற வேலைக் கொட்டகை ஒவ்வொன்றிலும் கூரை, சுவர், தரை எல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை.

கம்பெனியில் பெய்த மழையை வாட்ச்மேன் போன் போட்டுச் சொல்வார். அந்த வாரம் டவர் இல்லாததால் எங்கள் தெரு மழையை வைத்தே முடிவு செய்தார் கருப்பசாமி. புயல் மழை, ஜில்லா முழுக்க ஒரே மாதிரிதான் பெய்தது.

டப்பா வைத்த முதல் மூன்று நாளும் அது இரண்டுக்கு மேலேயே காட்டியது. வேன் வரவில்லை. மாரீஸ்வரி ஒவ்வொரு நாளும் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் மகளுக்கு ஏழாம் மாசம். மறு வாரம் வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். புருஷன் இல்லாதவள், ஒற்றை ஆளாக எல்லாம் செய்ய வேண்டும்.

"இன்னைக்காச்சும் கொறைச்சுச் சொல்லுதாக்கா ஒங்க டப்பா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள்.

நான்காம் நாள் வெயில் எட்டிப் பார்த்தது. டப்பாவில் அரை விரல்தான். வேன் வந்தது. ஆனால் மத்தியானமே மாரீஸ்வரி நனைந்துகொண்டு திரும்பி வந்தாள்.

"மின்னல் வெட்டிருச்சுக்கா. போட்டது போட்டபடி எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம்."

அதுவும் எங்கள் பக்கத்துப் பழக்கம். மின்னல் கண்ணில் பட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். திரும்ப உள்ளே போகக் கூடாது.

"மருந்து பாதி கலந்தது கலந்தபடி கெடக்கு. காலையில மொத வேலையா அதை அப்புறப்படுத்திக்கிடலாம்னு அண்ணாச்சி பூட்டிட்டாக" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே.

அன்று ராத்திரி பெய்ததுதான் அந்த வாரத்திலேயே பெரிய மழை.

வேப்பிலை

மறுநாள் காலையில் டப்பாவுக்குள் நான் பார்த்தது இதைத்தான். தண்ணீர் ஒன்றரை விரல் நின்றது. அதற்கு மேலே, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், டப்பாவின் உள்பக்கத்தில் வேப்பிலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் மிதக்கிற இலை தானாக ஏறி மேலே போய் ஒட்டாது. கீழே பார்த்தேன். நாலு நாளாக ஒரே இடத்தில் இருந்ததால் சிமெண்டுத் தரையில் டப்பாவின் துரு வட்டமாகப் பதிந்திருந்தது. டப்பா அந்த வட்டத்தைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி இருந்தது. யாரோ தூக்கிச் சாய்த்துவிட்டு, மறுபடி வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. என் மாடிக்கும் மாரீஸ்வரி மாடிக்கும் நடுவில் இருப்பது முழங்கால் உயரச் சுவர்.

என் தொழிலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காலண்டர் புரூப்பை ஒற்றை ஆளாகப் பார்க்க விடமாட்டார்கள். ஒருத்தி மூலத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும், இன்னொருத்தி அச்சைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு வருஷம் சஷ்டி ஒன்று கட்டம் மாறி அடுத்த நாளில் விழுந்திருந்ததை, மிஷின் ஓடத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்து ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறேன். முதலாளி கத்தினார். லட்சம் வீட்டில் தப்பான நாளில் விரதம் இருப்பதைவிட நீங்கள் கத்துவது மேல் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பேர்ப்பட்டவள் நான்.

"என் வாளியில ஆறு விரல் காட்டுதுக்கா" என்று எதிர் மாடியிலிருந்து கருப்பசாமி சொன்னார். "ஆனா இதுதான் பொய் வாளியாச்சே. ஓட்டுத் தண்ணி கீட்டுத் தண்ணி விழுந்துச்சோ என்னமோ. ஒங்க டப்பா என்ன சொல்லுது?"

பொய் வாளியில் ஆறு என்றால் உண்மையில் நாலு. அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வேப்பிலையும் நாலு என்றுதான் சொன்னது.

எனக்கு வளைகாப்பு ஞாபகம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் சிரித்துக்கொண்டே கேட்ட முகம் ஞாபகம் வந்தது. அவர் போர்மேன்தானே, உள்ளே விடுவதற்கு முன் பார்க்காமலா விடுவார் என்று மனசு எடுத்துக்கொடுத்தது. பாதி கலந்து கிடக்கிற மருந்தும் ஞாபகம் வந்தது. அதை மனசு ஓரமாகத் தள்ளி வைத்தது.

விரலால் வேப்பிலையை எடுத்துக் கீழே போட்டேன். காலால் டப்பாவை நகர்த்தித் துருவட்டத்தில் சரியாக வைத்தேன்.

"ஒண்ணரை" என்றேன்.

பொய் இல்லை. டப்பாவில் இருந்தது ஒன்றரைதான். ஆனால் தப்பு என்று தெரிந்தே சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். முப்பது வருஷத்தில் நான் செய்யாத காரியம் அது.

வேன்

கீழே வந்து காப்பி போட்டேன், குடிக்க முடியவில்லை. செருப்பை மாட்டினேன், கழற்றினேன். தெருமுனையில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தேன்.

குடைகளும் தூக்குவாளிகளுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்து ஒரு மாசம்கூட ஆகாத பெண் ஒருத்தி, தலை நிறையப் பூவோடு, யாரோ சொன்னதற்கு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஏறினாள். நான் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். சொல்லத்தான் இறங்கினேன் என்று இன்றைக்கு எழுதிக்கொள்ளலாம். எனக்கே உறுதியாகத் தெரியாது. பாதித் தெருவில் கால் நின்றுவிட்டது.

கடைசியாக ஏறியவள் மாரீஸ்வரி. ஒரு காலைப் படியில் வைத்தாள். அப்படியே நின்றாள். பிறகு இறங்கிவிட்டாள்.

"அண்ணாச்சி, வண்டிய எடுக்க வேணாம்" என்றாள். "புரூப் அக்கா டப்பாவுல பாதித் தண்ணிய நான்தான் கொட்டுனேன். நாலு விரல் மழை பேஞ்சிருக்கு. இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம்."

கருப்பசாமி அவளையே பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. டிரைவரிடம் திரும்பி, "ஏலே, வண்டிய ஆப் பண்ணு" என்றார். "எல்லாரும் எறங்கி வீட்டுக்குப் போங்க. நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வாரேன்."

இறங்கிய பெண்கள் அவளைப் பேசிய பேச்சை எழுத முடியாது. ஒரு நாள் வேலை போன ஆத்திரம், ஏமாற்றப் பார்த்தாளே என்கிற ஆத்திரம். கையில் தூக்குவாளியோடு மழையில் நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய்க் குடையை மட்டும் பிடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் கருப்பசாமி பைக்கில் திரும்பி வந்தார். நேரே என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மாரீஸ்வரியும் வந்து நின்றாள். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"மருந்து கலக்குற செட்டுல ஒரு ஓடு வெலகி, தண்ணி உள்ள எறங்கிருக்கு. நான் கிட்டப் போகல. தள்ளி நிக்கும்போதே சன்னல் வழியா பொகை. வாட்ச்மேனை இழுத்துக்கிட்டு ஓடுனேன். காம்பவுண்டு சொவரத் தாண்டுறோம், கூரை போயிருச்சு."

காலிச் செம்பைத் தரையில் வைத்தார்.

"எப்பவும்போலப் போயிருந்தா அந்நேரம் பக்கத்துச் செட்டுல பன்னெண்டு பேரும் உக்காந்திருப்பாக" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மனசில் ஒன்றுமில்லாமல் சொன்னார். "என் வாளி ஆறு காட்டுச்சுக்கா. அதை நான் நம்பியிருக்கணும்."

அவர் போன பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். பன்னிரண்டு பேரும் அந்தந்த வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. சந்தோஷத்திலும் அப்படி அழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏழு வகைச் சோறு

வளைகாப்பை மாரீஸ்வரி ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. வேனடியில் அவளைப் பேசிய பெண்களே வீட்டுக்கு ஒரு சோறாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏழு வகை வேண்டிய இடத்தில் ஒன்பது சேர்ந்துவிட்டது. புதுப்பெண் தேங்காய்ச் சோறு கொண்டுவந்தாள், உப்பு கொஞ்சம் கூடுதல். கருப்பசாமி ஒரு எவர்சில்வர் வாளி நிறையப் புளியோதரையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது பொய் சொல்லாத வாளி" என்றார். மழை விட்டு, வெயில் பளிச்சென்று அடித்தது.

மகளுக்கு நானும் வளையல் போட்டேன். போட்டுவிட்டு மாரீஸ்வரியைப் புறவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அன்னைக்கு நீ கொட்டினது எனக்குத் தெரியும்" என்றேன். "தெரிஞ்சேதான் ஒண்ணரைன்னு சொன்னேன்."

அவள் சந்தனக் கையைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்.

"எனக்கும் தெரியும்க்கா. மாடிப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க அந்த எலையை எடுத்துக் கீழ போட்டீக. டப்பாவ நவுத்தி வச்சீக."

கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"சத்தம் போடுவீக, சண்டைக்கு வருவீகன்னுதான் நெனச்சேன். நீங்க எனக்காகத் தப்பாச் சொன்னீக பாருங்க, அதுதான் தாங்கல. சஷ்டிக்காக மொதலாளிகூட மல்லுக்கட்டுன மனுசியையே நாம இப்படி ஆக்கிப்புட்டோமேன்னு இருந்துச்சு. படியில கால வச்சா, கால் ஏற மாட்டேங்குது" என்றாள்.

இதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. என் மௌனத்தால் நல்லது நடந்தது என்று ஒரு நாளும் சொல்லிக்கொள்ள மாட்டேன். நடந்த நல்லது முழுக்க அவளுடையது. நான் விட்ட தப்பை, அந்தத் தப்பால் லாபம் அடைய இருந்தவளே திருத்தினாள். என் தொழிலில் அப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொல்ல வரவில்லை. ஈரக் கை, சந்தன வாசம்.

இந்த எழுத்தில் சொல்லிவிடுகிறேன். நன்றி, மாரீஸ்வரி.

அந்த வளைகாப்புக்கு அப்புறம் பிறந்த பேத்தி இப்போது மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறாள். கருப்பசாமி பொய் வாளியைத் தூக்கிப் போடவில்லை. அதுவும் மாடியில்தான் இருக்கிறது. கம்பெனியில் மழை எவ்வளவு இருந்தாலும் இப்போது அவர் முதலில் போய்ப் பார்த்துச் சொல்லாமல் வேன் கிளம்புவதில்லை. இருந்தாலும் மழைநாள் காலையில் எதிர் மாடியிலிருந்து "எம்புட்டு?" என்று கேட்பதை அவர் விடவில்லை.

ஸ்கேல் இப்போது மாரீஸ்வரி கையில். சுவரைத் தாண்டி வந்து, அளந்து, என்னைக் கூப்பிடுவாள்.

"ஒண்ணே முக்கால்க்கா. வந்து பாருங்க."

நான் போவேன். டப்பா துருவட்டத்துக்குள் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பிறகு தண்ணீரைப் பார்ப்பேன். ஒன்றே முக்கால்தான் இருக்கும். அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எதிர் வீட்டுக்குக் குரல் கொடுப்போம்.